லாக் காணோம் என்றால் முதலில் ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள்

போன வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணி இருக்கும், சிவகாசியிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "ஏப்பா, காலண்டர் டிசைன நேத்து சாயங்காலமே அனுப்பிட்டோம்னு பார்ட்டி சொல்றாங்க, இங்க ஒண்ணும் வந்து சேரலையே. உன் சர்வர் நல்லாத்தான் ஓடுதா?" என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் அவசரம் இருந்தது. ஆடிப்பெருக்குக்குப் புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதிலிருந்து அடுத்த சில மாதங்கள் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு டிசைன் ஒரு நாள் தாமதமானால் பிளேட் போடுவது தள்ளிப்போகும், மெஷின் வேறு ஆர்டருக்குப் போய்விடும், பார்ட்டி வேறு அச்சகத்துக்குப் போய்விடுவார்.

அந்த மெயில் சர்வரை அமைத்துக் கொடுத்தது நான்தான். சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்), 2 ஜிபி மெமரி, டெபியன் லினக்ஸ், அதன்மேல் மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப்பெட்டியில் ஓட்டும் டாக்கர், அதற்குள் டாக்கர்-மெயில்சர்வர் என்ற இமேஜ் (தயார்நிலைத் தொகுப்பு). மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல்பெட்டியைக் கவனிக்கும் டவ்காட், தவறான லாகின்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் எல்லாம் ஒரே கண்டெய்னருக்குள் இருக்கும். அச்சகத்தின் பெயரில் டொமைன், ஒன்பது முகவரிகள். இரண்டு வருடமாகப் பெரிய தொல்லை இல்லாமல் ஓடுகிறது, அதனால் அவர்கள் அதை முழுதாக நம்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்கு அன்று வயிற்றைக் கலக்கியது.

ஒரு மெயில் வரவில்லை என்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான், லாக்கை, அதாவது சர்வர் தன் வேலைகளை வரிவரியாக எழுதிவைக்கும் குறிப்பைப் பார்ப்பது. அனுப்பியவர் சர்வர் நம் கதவைத் தட்டியதா, தட்டியிருந்தால் நாம் என்ன பதில் சொன்னோம், இரண்டும் அதில் இருக்கும். டாக்கர் லாக்ஸ் கட்டளையைக் கொடுத்து அனுப்பியவரின் டொமைனை கிரெப் (தேடும் கட்டளை) செய்தேன். ஒன்றும் இல்லை. சரி, அவர்கள் வேறு சேவை வழியாக அனுப்பியிருக்கலாம் என்று புதன்கிழமை தேதியை மட்டும் தேடினேன். அதுவும் இல்லை. கிரெப்பை எடுத்துவிட்டுக் கடைசி ஐம்பது வரிகளைப் பார்த்தேன், எல்லாம் திங்கள் அதிகாலையோடு நிற்கின்றன. தேடியது கிடைக்கவில்லை என்பது வேறு, திங்களுக்குப் பிறகு லாக்கே இல்லை என்பது வேறு. அதற்குள் அச்சகத்தில் இருக்கும் அண்ணன் அந்தப் பக்கம் வேறு மெயில்களை அனுப்பிக்கொண்டும் பெற்றுக்கொண்டும்தான் இருக்கிறார். சர்வர் வேலை செய்கிறது, வாயை மட்டும் திறக்க மறுக்கிறது.

உடனே கை ரீஸ்டார்ட் கட்டளையைத்தான் தட்டியது. எண்டர் அடிப்பதற்குள், அண்ணன் ஒரு பெரிய ஃபைலை அனுப்பிக்கொண்டிருக்கிறேன் ஐந்து நிமிடம் பொறு என்றார். அந்த ஐந்து நிமிடம்தான் என்னைக் காப்பாற்றியது. ரீஸ்டார்ட் கொடுத்திருந்தால் லாக் திரும்ப வந்திருக்கும், திங்கள் முதல் வியாழன் வரை எழுதப்பட்டது மொத்தமும் திரும்பிவராமல் போயிருக்கும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன், உங்களில் யாருக்காவது இதே நிலை வந்தால் அந்த எண்டரைத் தள்ளிப்போட வேண்டும் என்று.

முதலில் எளிய சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டேன். டிஸ்க் நிறைந்துவிட்டதா? இல்லை, பாதிக்குமேல் காலி, கோப்புகளுக்கான உள் எண்களான ஐநோட்களும் தாராளம். நேரக் குழப்பமா? எங்கள் சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் மாலை 4.40 அங்கே காலை 11.10. பலர் இந்த ஐந்தரை மணி நேரத்தை மறந்து தவறான இடத்தில் தேடுவதை நானே பார்த்திருக்கிறேன், ஆனால் மூன்று நாள் ஓட்டையை ஐந்தரை மணி நேரம் விளக்காது. லாக்கைச் சேமிக்கும் டாக்கரின் லாக் டிரைவரா? டாக்கர் இன்ஸ்பெக்ட் பார்த்தால் வழக்கமான ஜேசான்-ஃபைல்தான். அதற்கு இயல்பில் அளவு வரம்பே கிடையாது, நான் 10 எம்பி வீதம் 3 கோப்பு என்று வைத்திருந்தேன். அப்படி வரம்பு வைத்தால் பழையதுதான் அழியும், புதியது அழியாது. கண்டெய்னரை யாராவது புதிதாக உருவாக்கினார்களா? அப்படி உருவாக்கினால் பழைய கண்டெய்னரோடு அதன் டாக்கர் லாக்கும் போய்விடும், இது பலரும் அறியாத விஷயம், கண்டெய்னரை அகற்றும் கம்போஸ் டவுன் கட்டளையைக் கொடுத்தால் டாக்கர் லாக் மொத்தமும் காலி. ஆனால் எங்கள் கண்டெய்னர் இருபது நாளாக அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

லினக்ஸின் ஜர்னல்டி என்ற லாக் சேவையை டிரைவராக வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதில் வேகக் கட்டுப்பாடு உண்டு, 30 வினாடிக்கு 10,000 செய்தி என்பது இயல்பான அளவு, அதைத் தாண்டினால் இத்தனை செய்திகளை அடக்கிவிட்டேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடும். மெயில்கவ் என்ற இன்னொரு மெயில் சர்வர் தொகுப்பை வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. அதன் வெப் பக்கத்தில் தெரியும் லாக் ரெடிஸ் என்ற மெமரி தரவுத்தளத்தில் இருந்து வருவது, இயல்பில் கடைசி 9,999 வரிகள்தான் இருக்கும். கூட்டமான சர்வரில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். எங்களுடையது இரண்டும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு லாக் வரி கண்டெய்னருக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மீதி புரியாது. மென்பொருள்களின் செய்திகளை ஓரிடத்தில் வாங்கி எழுதும் சிஸ்லாக் என்ற முறையே மெயிலுக்காகப் பிறந்ததுதான். 1980களில் எரிக் ஆல்மன் பெர்க்லியில் சென்ட்மெயிலோடு சேர்த்து அதை உருவாக்கினார். இன்றும் சிஸ்லாக் வகைகளில் கெர்னலுக்கு எண் 0, யூசருக்கு 1, மெயிலுக்கு 2, அவ்வளவு முன்வரிசை. அதனால் போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மென்பொருள்கள் தம் செய்திகளை நேரடியாக ஒரு கோப்பில் எழுதுவதில்லை, டெவ் அடைவில் லாக் என்று இருக்கும் ஒரு சாக்கெட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். எடுத்து எழுதுவது சிஸ்லாக்கின் வேலை. ஆனால் டாக்கரின் பழக்கம் வேறு, முதல் ப்ராசஸின் (ஓடும் நிரலின்) ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில், அதாவது திரைக்குப் போகும் வெளியீட்டில், என்ன வருகிறதோ அதுதான் அதற்கு லாக். இரண்டு வெவ்வேறு தலைமுறை, இரண்டு வெவ்வேறு பழக்கம். நடுவில் யாராவது பாலம் போட வேண்டும்.

டாக்கர்-மெயில்சர்வரில் அந்தப் பாலம் இப்படி இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் சாக்கெட்டில் போடும். கண்டெய்னருக்குள்ளேயே ஓடும் ஆர்சிஸ்லாக் என்ற சிஸ்லாக் மென்பொருள் அதை எடுத்து மெயில்.லாக் என்ற கோப்பில் எழுதும். டெயில் என்ற கட்டளை அந்தக் கோப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு புதிதாக விழும் வரிகளை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்குத் தள்ளும். கண்டெய்னரின் ப்ராசஸ்களை நிர்வகிக்கும் சூப்பர்வைசர்டி அதை வெளியே அனுப்பும். டாக்கர் அதை வாங்கித் தன் ஜேசான் கோப்பில் வைக்கும். ஐந்து கை மாறித்தான் ஒரு வரி நம் கண்ணுக்கு வருகிறது. எந்தக் கையில் விழுந்தது என்பதுதான் கேள்வி.

நடுவிலிருந்து தொடங்கினேன். கண்டெய்னருக்குள் போய் சிஸ்லாக்குக்கு வரி அனுப்பும் லாகர் கட்டளையால் மெயில் வகையில் ஒரு சோதனை வரி போட்டேன். மெயில்.லாக்கில் விழவில்லை. அப்படியானால் போஸ்ட்ஃபிக்ஸ் மேல் தவறில்லை, சிக்கல் ஆர்சிஸ்லாக்கில் அல்லது அதற்குப் பின்னால். சூப்பர்வைசரிடம் நிலையைக் கேட்டேன், ஆர்சிஸ்லாக் ஓடிக்கொண்டிருக்கிறது என்றது. டவ்காட்டில் ஒரு நல்ல வசதி இருக்கிறது, டவ்அட்மின் லாக் எரர்ஸ் என்று கொடுத்தால் அதன் லாக் ப்ராசஸ் மெமரியில் வைத்திருக்கும் கடைசி 1,000 எச்சரிக்கைகளையும் பிழைகளையும் காட்டும், சிஸ்லாக் செத்துக்கிடந்தாலும் காட்டும். அதில் அன்று காலை வரைக்குமான எச்சரிக்கைகள் இருந்தன. உள்ளே எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், வெளியே கேட்கவில்லை.

பிறகு ஹோஸ்டில், அதாவது கண்டெய்னருக்கு வெளியே விபிஎஸ்ஸில் இருந்து, அந்த லாக் அடைவைப் பட்டியலிட்டேன், ஐநோட் எண்ணும் தெரியும்படி. மெயில்.லாக் 0 பைட். கடைசியாகத் தொடப்பட்டது திங்கள்கிழமை, யுடிசி நள்ளிரவை ஒட்டி, அதாவது நமக்கு விடிகாலை ஐந்தரைக்குப் பிறகு. அதன் பக்கத்தில் மெயில்.லாக்.1 என்று ஒரு ஜிஜிப் (சுருக்கிய) கோப்பு, அதே நேரம். பார்த்ததும் புரிந்துவிட்டது. பழைய லாக்கை ஒதுக்கிவைத்துப் புதிது தொடங்கும் நிரல் லாக்ரொடேட், கண்டெய்னருக்குள் இருப்பது வாரம் ஒருமுறை சுழற்றும்படிதான் இயல்பில் அமைந்திருக்கிறது. தினசரி சுழற்றுவது யார்? நான்தான். சனிக்கிழமை இரவு ஹோஸ்டில் நானே ஒரு லாக்ரொடேட் விதி எழுதி வைத்தேன்.

ஏன் எழுதினேன் என்றால், 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் வெளியிட்ட உத்தரவில் நிறுவனங்கள் தங்கள் சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதைப் படித்தபிறகு, சின்ன அச்சகமானாலும் ஆறு மாத லாக் இருப்பது நல்லது, பணம் தொடர்பான ஏமாற்று மெயில் ஏதாவது வந்தால் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. லாக் அடைவு ஏற்கெனவே ஹோஸ்டோடு இணைக்கப்பட்டிருந்ததால் ஹோஸ்டிலேயே விதி எழுதுவது சுலபமாகத் தெரிந்தது. தினசரி, 180 பிரதி, உடனே சுருக்கு, காலியாக இருந்தால் விட்டுவிடு, சுழற்றியபின் ஆர்சிஸ்லாக்குக்கு, கோப்பை மூடித் திரும்பத் திற என்று சொல்லும் ஹெச்யூபி சிக்னல் அனுப்பு. சோதனை ஓட்டமும் பார்த்தேன், பிழை ஒன்றும் காட்டவில்லை. ஞாயிறு காலை எழுந்து பார்த்தேன், லாக் அழகாக வந்துகொண்டிருந்தது, திருப்தியாக விட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். லாக்ரொடேட் ஒரு கோப்பை முதல்முறை பார்க்கும்போது சுழற்றாது, இன்று பார்த்தேன் என்று தன் நிலைக் கோப்பில் குறித்துவைத்துவிட்டு அடுத்த நாள்தான் கை வைக்கும். நான் ஞாயிறு காலை பார்த்து மெச்சியது இன்னும் வேலையே தொடங்காத ஒரு விதியை.

திங்கள் அதிகாலை நடந்தது இது. ஹோஸ்டின் லாக்ரொடேட் மெயில்.லாக்கின் பெயரை மெயில்.லாக்.1 என்று மாற்றியது. புதிதாக ஒரு காலி மெயில்.லாக்கை உருவாக்கியது. பிறகு ஆர்சிஸ்லாக்குக்கு சிக்னல் கொடுத்தது. எந்த ஆர்சிஸ்லாக்குக்கு? ஹோஸ்டில் ஓடும் ஆர்சிஸ்லாக்குக்கு. அதற்கும் இந்தக் கோப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்டெய்னருக்குள் இருக்கும் ஆர்சிஸ்லாக்குக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

லினக்ஸில் கோப்பின் பெயர் என்பது வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை போன்றதுதான். ஆர்சிஸ்லாக் ஒருமுறை வீட்டுக்குள் போய்விட்டால் அதன்பிறகு பலகையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பலகையைக் கழற்றிப் பக்கத்துக் காலி வீட்டில் மாட்டினாலும் அது பழைய வீட்டுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்கும். அடுத்ததாக ஜிஜிப் வந்தது, அதுவரை இருந்ததைச் சுருக்கி வேறு கோப்பாக்கிவிட்டு மூலத்தை அழித்தது. அழித்தது என்றால் பலகையை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே ஒரு ப்ராசஸ் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை கெர்னல் வீட்டை இடிக்காது. ஆக மூன்று நாளாக, பெயரே இல்லாத ஒரு கோப்பில், வெளியே யாருக்கும் தெரியாமல், ஒரு வரி விடாமல் லாக் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது.

டாக்கர் லாக்ஸும் ஏன் ஊமையானது? டெயில் கட்டளையை இரண்டு விதமாக ஓட்டலாம். சின்ன எஃப் கொடுத்தால் திறந்த கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும், பெரிய எஃப் கொடுத்தால் பெயரைப் பின்தொடரும். இங்கே இருப்பது பெரிய எஃப், சரியான தேர்வுதான், சுழற்சி முறையாக நடந்தால் அதுதான் வேலை செய்யும். ஆனால் நான் செய்த கூத்தில் டெயில் புதிய பலகையைப் பார்த்துக் காலி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது, ஆர்சிஸ்லாக் பழைய வீட்டில். செவ்வாயும் புதனும் லாக்ரொடேட் மறுபடி வந்து பார்த்தது, கோப்பு காலி, காலியாக இருந்தால் விடு என்று நானே சொல்லியிருந்தேன், போய்விட்டது. அதனால்தான் எல்லாத் தேதியும் திங்களோடு நின்றது.

இப்போது ரீஸ்டார்ட் கொடுத்திருந்தால் ஆர்சிஸ்லாக் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கும், அந்த நொடியே கெர்னல் வீட்டை இடித்திருக்கும். லாக் உடனே வரத் தொடங்கியிருக்கும், சரியாகிவிட்டது என்று நானும் நினைத்திருப்பேன், அடுத்த நாள் விடிகாலை மறுபடி நின்றிருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இனி முதலில் இந்த நினைவுதான் வரும்.

மீட்டது இப்படி. ஹோஸ்டில் ரூட்டாக எல்எஸ்ஓஎஃப் கட்டளையைப் பிளஸ், பெரிய எல், 1 என்ற விருப்பத்தோடு ஓட்டினால், அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்புகளை மட்டும் பட்டியலிடும். அதில் ஆர்சிஸ்லாக் பிடித்துக்கொண்டிருந்த மெயில்.லாக்.1, அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு, சில எம்பி அளவில் இருந்தது. ஹோஸ்டில் இரண்டு ஆர்சிஸ்லாக் தெரியும், ஒன்று ஹோஸ்டுடையது, இன்னொன்று கண்டெய்னருடையது. டாக்கர் டாப் கட்டளை காட்டும் ப்ராசஸ் எண் ஹோஸ்டின் எண்ணேதான், அதை வைத்து எது யாருடையது என்று உறுதிசெய்துகொண்டேன். ப்ராக் அடைவில் அந்த எண்ணுக்குள் எஃப்டி என்று ஒரு அடைவு, அதற்குள் திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு எண். அந்த எண்ணைக் கோப்பு போலவே படிக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நேரடியாக நகலெடுத்துவிட்டு சிக்னல் கொடுத்தால், இரண்டுக்கும் இடையில் விழும் வரிகள் போய்விடும். அதற்குப் பதிலாக டெயிலை முதல் பைட்டிலிருந்து தொடங்கி, பின்தொடரும்படி, சின்ன எஃப்போடு, வேறொரு கோப்புக்குத் திருப்பிவிட்டு ஓடவிட்டேன். இப்போது அந்த வீட்டுக்குள் இரண்டாவது ஆளாக நானும் இருக்கிறேன், ஆர்சிஸ்லாக் வெளியேறினாலும் இடியாது. பிறகு கண்டெய்னரின் ஆர்சிஸ்லாக்குக்கு மட்டும், அந்த ஹோஸ்ட் எண்ணை வைத்து ஹெச்யூபி கொடுத்தேன். அது பழைய கோப்பை மூடிவிட்டு மெயில்.லாக்கைப் பெயர் பார்த்துத் திறந்தது, அடுத்த நொடி டாக்கர் லாக்ஸில் வரிகள் ஓடத் தொடங்கின. என் டெயிலை நிறுத்தினேன், மீட்ட கோப்பு கையில். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், டாக்கர் கில் கட்டளையால் ஹெச்யூபி அனுப்பாதீர்கள். அது கண்டெய்னரின் முதல் ப்ராசஸுக்குப் போகும், அங்கிருந்து சூப்பர்வைசர்டிக்குப் போகும். சூப்பர்வைசர்டிக்கு ஹெச்யூபி என்றால் எல்லாவற்றையும் நிறுத்தி, அமைப்பைத் திரும்பப் படித்து, எல்லாவற்றையும் மறுபடி தொடங்கு என்று பொருள். ரீஸ்டார்ட் கொடுத்ததற்குச் சமம்.

பெரியப்பாவின் மெயிலைத் தேடுவதற்கு முன் வேறொரு பயம் என்னைப் பிடித்தது. ஃபெயில்2பேன் படிப்பது இதே மெயில்.லாக்கைத்தான். லாக் ஊமையான மூன்று நாளும் காவல்காரருக்குக் கண் கட்டிவிட்டது போலத்தான். அதன் பதிவைப் பார்த்தேன், கடைசியாக ஒருவரைக் கவனித்தது திங்கள் விடிகாலை. அதன்பிறகு ஒருவரையும் தடுக்கவில்லை, பழைய தடைகள் மட்டும் நாள் முடியும்வரை இருந்தன. மீட்ட லாக்கில் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்துத் தோற்ற முயற்சிகள் ஆயிரக்கணக்கில். அச்சகத்தின் பொது முகவரியையே குறிவைத்து, ஒரே வலையமைப்பிலிருந்து, இரவெல்லாம். வெற்றிபெற்ற லாகின்களை மட்டும் தனியாக எடுத்தேன். போஸ்ட்ஃபிக்ஸ் அப்படிப்பட்ட வரியில் பயனர் பெயரையும் ஐபியையும் எழுதும். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், எல்லாம் அச்சகத்தின் பிராட்பேண்டும் வீட்டாரின் போன்களும்தான். அப்போதுதான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். லாக் காணாமல் போனால் மெயிலைத் தேட முடியாதே என்றுதான் எல்லாரும் நினைப்போம், காவலும் சேர்ந்து போகிறது என்று நானும் அதுவரை நினைத்ததில்லை.

இப்போது பெரியப்பாவின் மெயில். புதன் மாலை 4.40 என்று பார்ட்டி சொன்னார்கள், லாக்கில் 11.10. அந்த நேரத்தில் அவர்கள் சர்வர் வந்திருக்கிறது. நிராகரித்தோம் என்ற வரி இல்லை, பிழை என்ற சொல்லே இல்லை. இணைப்பு வந்தது, என்கிரிப்ஷன் போட்டது, இணைப்பு போனது, அவ்வளவுதான். இப்படி மூன்று முறை, வெவ்வேறு நேரங்களில். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் இணைப்பு முடியும்போது எழுதும் வரியில் ஒரு கணக்கு இருக்கும், எந்தெந்தக் கட்டளை எத்தனை முறை வந்தது என்று. ஒழுங்காக வந்துசேர்ந்த ஒரு மெயிலில் இஹெச்எல்ஓ (வணக்கம் சொல்வது) 2, ஸ்டார்ட்டிஎல்எஸ் (என்கிரிப்ஷன் கேட்பது) 1, மெயில் (அனுப்புநர்) 1, ஆர்சிபிடி (பெறுநர்) 1, டேட்டா 1, குவிட் 1, மொத்தம் 7 என்று இருக்கும். இதில் இஹெச்எல்ஓ 2, ஸ்டார்ட்டிஎல்எஸ் 1, குவிட் 1, மொத்தம் 4. மெயில் என்ற கட்டளையே வரவில்லை. வாசல்வரை வந்து, நாம் சொன்ன ஏதோ ஒன்றைக் கேட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இஹெச்எல்ஓவுக்குப் பதிலாக நம் சர்வர் என்ன சொல்லும்? தனக்கு என்னென்ன தெரியும் என்ற பட்டியல், அதில் ஒரு வரி நான் வாங்கிக்கொள்ளும் அதிகபட்ச அளவு இது என்பது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அளவு 1,02,40,000 பைட், அதை நான் மாற்றியிருக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு, அந்த டிசைன் எவ்வளவு பெரிது என்று பார்ட்டியிடம் கேட்கச் சொன்னேன். "எட்டு எம்பி தானாம்டா, பத்து வரைக்கும் போகும்னு நீதான சொன்ன" என்றார். சொன்னது உண்மை. ஆனால் மெயிலில் இணைக்கும் கோப்பு அப்படியே போவதில்லை, பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகும். மூன்று பைட் நான்கு எழுத்தாகும், 76 எழுத்துக்கு ஒருமுறை வரி மாறும், எல்லாம் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடும். 8 எம்பி கோப்பு வழியில் 1 கோடியே 14 லட்சம் பைட்டுக்குமேல் ஆகிவிடும். நம் கதவின் அகலம் 1 கோடியே 2 லட்சத்து 40 ஆயிரம். கணக்குப் போட்டால் ஏழு எம்பிக்குக் கொஞ்சம்மேல் வரைக்கும்தான் உள்ளே நுழையும். அனுப்பும் சர்வர் கெட்டிக்காரத்தனமானது என்றால் நம்மிடம் கேட்டு மறுப்பு வாங்க வேண்டியதே இல்லை, அளவைப் பார்த்ததும் தானே அனுப்பியவருக்கு மெயிலைத் திருப்பிவிடும். அவர்களுக்கு அப்படித் திரும்பிய மெயில் வந்திருந்தது, மூன்றும். ஆங்கிலத்தில் நீளமாக இருந்ததால் விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டிருக்கிறார்கள், அதில் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

அச்சகத்துக்கு 10 எம்பி என்ற வரம்பு வைத்தது பொருந்தாத வேலை. 50 எம்பி ஆக்கினேன். இந்த அளவைச் சொல்லும் என்விரான்மென்ட் மாறியை மாற்றினால் ரீஸ்டார்ட் போதாது, கம்போஸ் அப் கொடுத்துக் கண்டெய்னரைப் புதிதாக உருவாக்க வேண்டும். மீட்ட லாக் பத்திரமாக வெளியே இருந்ததால் அப்போது தைரியமாகக் கொடுத்தேன். அதே வேலையோடு ஹோஸ்டில் இருந்த என் விதியை அழித்தேன். கண்டெய்னருக்குள் இருக்கும் சுழற்சியையே தினசரி என்றும் 180 பிரதி என்றும் மாற்ற இரண்டு மாறிகள் இருக்கின்றன, அவை முன்பே இருந்தவை, நான்தான் தேடிப் பார்க்காமல் வெளியே விதி எழுதப் போனேன். கோப்பை எழுதுகிறவர் எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டிலேயே சுழற்றுகிறவரும் இருக்க வேண்டும். ஹோஸ்டில்தான் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் பெயர் மாற்றாமல் நகலெடுத்து மூலத்தைக் காலியாக்கும் காப்பிட்ரங்கேட் முறையைப் பயன்படுத்துங்கள். அந்த இடைவெளியில் ஓரிரு வரி போகலாம், மூன்று நாள் போகாது.

சொந்தமாக இமேஜ் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2019இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.4 முதல் சிஸ்லாக்கே இல்லாமல் போஸ்ட்லாக்டி என்ற தன் சொந்த ப்ராசஸ் வழியாக நேரடியாக ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுத முடியும், அமைப்பில் லாக் கோப்பாக ஸ்டாண்டர்ட் அவுட்புட்டைக் குறித்துவிட்டு, முன்புலத்தில் ஓடும்படி தொடங்க வேண்டும். ஐந்து கை மாறுவது இரண்டு கையாகக் குறையும். ஃபெயில்2பேன் அப்போது எதைப் படிக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு சின்ன காவல் ஏற்பாடும் செய்தேன். அரைமணிக்கு ஒருமுறை கண்டெய்னருக்குள் லாகர் வழியாக நேரம் குறித்த ஒரு வரி போடும், பத்து வினாடி கழித்து ஹோஸ்டில் இருக்கும் மெயில்.லாக்கில் அந்த வரி விழுந்திருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் என் டெலிகிராமுக்குச் செய்தி வரும். அதே மெயில் சர்வர் வழியாக எச்சரிக்கை அனுப்புவதில் பொருளில்லை. மெயில் வரும் 25ஆம் போர்ட் திறந்திருக்கும் ஒரு சர்வரில் அரைமணி நேரம் ஒரு வரிகூட இல்லை என்றால் அது அமைதி கிடையாது, உலகத்தில் யாராவது ஒருவர் எப்போதும் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருப்பார்.

பிறகு கண்டெய்னருக்குள் லாக்ரொடேட்டைக் கட்டாயமாகச் சுழற்ற வைத்து, லாக்கைத் திரையில் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். மெயில்.லாக் காலியானது. சில வினாடிகள் ஒன்றும் இல்லை. அப்புறம் முதல் வரி விழுந்தது, எங்கிருந்தோ ஒருவர் அட்மின் என்ற பெயரில் நுழையப் பார்த்துத் தோற்றிருக்கிறார். இரண்டாவது முறை தோற்றார், மூன்றாவது, நான்காவது. ஆறாவதுக்குப் பிறகு ஃபெயில்2பேன் அவர் ஐபியைத் தடுத்தது. அண்ணனுக்கு போன் போட்டு, பார்ட்டியிடம் டிசைனை மறுபடி அனுப்பச் சொல்லுங்க என்றேன்.